நூலகச் சுவரில் நம் ஊர்ப் படங்கள்

நூலகம் என்றால் புத்தகம் இருக்கும் இடம். இது எல்லோருக்கும் தெரியும். அந்த நூலகத்தின் சுவரில் என்ன இருக்கிறது? அதை யாராவது பார்த்ததுண்டா?

உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். நீள மேஜை இருக்கும். பத்திரிகை படிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் இருப்பார்கள். அலமாரிகளில் புத்தகம் இருக்கும். சுவரில் தலைவர்கள் படம் இரண்டோ மூன்றோ தொங்கும். "அமைதி காக்கவும்" என்று ஓர் அட்டை. ஒரு நாட்காட்டி. மீதிச் சுவர் சும்மா இருக்கும்.

அதே தெருவில் ஒரு பையன் இருப்பான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் படம் போட்டு வைத்திருப்பான். அடுத்த தெருவில் ஒரு பெண் இருப்பாள். தறி ஓடும் வீடு. இரவில் எல்லோரும் படுத்த பிறகு, தம்பியின் வர்ணப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு வரைவாள். அவர்கள் வரைந்ததை யார் பார்த்தார்கள்? வீட்டார் பார்த்தார்கள். டிராயிங் வாத்தியார் பார்த்தார். செல்போனில் போட்டால் நாலு பேர் விரலால் தட்டிவிட்டுப் போகிறார்கள். அத்துடன் சரி.

சும்மா கிடக்கும் சுவர் இங்கே. இடம் இல்லாத படம் அங்கே. இரண்டையும் ஒன்று சேர்க்க வேண்டும். நாம் சொல்ல வந்தது இதுதான்.

ஹார்லெம் நூலகம்

இது புது யோசனை அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிளை நூலகம் இதைச் செய்திருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் நியூயார்க் பெரிய நகரம். அதில் ஹார்லெம் என்று ஒரு பகுதி. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு அப்போது வாழ்வு இல்லை. கூலி குறைவு. அடி உதை அதிகம். அவர்கள் குடும்பம் குடும்பமாக ரயில் ஏறி வடக்கே வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஏராளமானோர் ஹார்லெமில் தங்கினார்கள்.

ஹார்லெமில் 135-வது தெருவில் ஒரு கிளை நூலகம் இருந்தது. 1905-ம் ஆண்டு திறந்தது. 1920-ம் ஆண்டில் எர்னஸ்டின் ரோஸ் என்ற அம்மையார் அதன் பொறுப்புக்கு வந்தார். அவர் வெள்ளைக்காரப் பெண்மணி. ஆனால் இந்த ஊர் யாருடைய ஊர் என்பதை அவர் மறக்கவில்லை. கறுப்பினப் பெண்களையும் நூலக வேலைக்கு எடுத்துக்கொண்டார். கூட்டம் போட இடம் கொடுத்தார். நாடகம் போட இடம் கொடுத்தார்.

1921-ம் ஆண்டு அந்த நூலகத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. கறுப்பின ஓவியர்களும் சிற்பிகளும் செய்தவற்றைக் கொண்டு வந்து வைத்தார்கள். பெரிய கலைக்கூடங்களின் கதவு அவர்களுக்கு எளிதில் திறக்காத காலம் அது. தெருமுனை நூலகத்தின் கதவு திறந்தது.

அதே 1921-ல் ஒரு பெண் நியூயார்க் வந்து இறங்கினார். பெயர் அகஸ்டா சாவேஜ். ஃபுளோரிடாக்காரர். அவர் பிறந்த ஊரில் செங்கல் அறுக்கும் களிமண் நிறைய உண்டு. சிறு பெண்ணாக இருக்கும்போதே அந்த மண்ணை எடுத்து வாத்து செய்வார், கோழி செய்வார். தகப்பனார் மதபோதகர். உருவம் செய்வது பாவம் என்று மகளை அடிப்பார். அடி வாங்கிக்கொண்டே செய்தார்.

நியூயார்க்கில் கட்டணம் இல்லாத ஒரு கலைப்பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அப்போது 135-வது தெரு நூலகத்துக்காக ஒரு சிலை செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்த அறிஞர் டு பாய்ஸின் மார்பளவுச் சிலை. அதைப் பார்த்துப் பிறகு வேறு வேலைகளும் வந்தன.

1923-ல் பிரான்சில் ஒரு கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு மனுப் போட்டார். தோல் கறுப்பு என்பதற்காக அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் சோர்ந்து போகவில்லை. பின்னால் ஹார்லெமில் சொந்தமாக ஒரு பட்டறை வைத்து, பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக் கொடுத்தார். 1937-ல் ஹார்லெம் சமுதாயக் கலை மையத்துக்கு முதல் இயக்குநரானார்.

இப்போது ஒரு பையனின் கதை. ஜேக்கப் லாரன்ஸ். 1917-ல் பிறந்தவன். 13 வயதில் தாயாருடன் ஹார்லெம் வந்தான். தாயார் வீட்டு வேலைக்குப் போகிறவர். பிள்ளை தெருவில் சுற்றிக் கெட்டுவிடக் கூடாதே என்று, பள்ளி விட்ட பிறகு நடக்கும் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டார். நம் ஊர்த் தாய்மார்கள் டியூஷனுக்கு அனுப்புவது போலத்தான்.

அந்தப் பையனுக்கு 135-வது தெரு நூலகம் இரண்டாவது வீடாயிற்று. அங்கே பட வகுப்பும் நடந்தது. கறுப்பின மக்களின் சரித்திரத்தைச் சொல்லும் பெரிய புத்தகச் சேமிப்பும் இருந்தது. ஆர்துரோ ஷாம்பர்க் என்பவர் வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்த புத்தகங்களும் படங்களும் அவை. 1926-ல் அவற்றை 10,000 டாலருக்கு அந்த நூலகத்துக்காக வாங்கியிருந்தார்கள். 1934-ல் ஆரன் டக்ளஸ் என்ற ஓவியர் 4 பெரிய படங்களை வரைந்து கொடுக்க, அவையும் அந்த நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து ஹார்லெம் வரை தம் மக்கள் வந்த வழியைச் சொல்லும் படங்கள். படிக்கப் போன பையன் படத்தைப் பார்த்தான். படம் பார்க்கப் போனவன் புத்தகத்தைப் படித்தான்.

பையன் 21 வயது வாலிபன் ஆனதும், அகஸ்டா சாவேஜே அவரை அழைத்துக்கொண்டு போய், அரசாங்கம் ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து நடத்திய திட்டத்தில் சேர்த்துவிட்டார். ஒரு நூலகத்தின் ஆதரவு பெற்ற பெண், அதே நூலகத்தில் வளர்ந்த பையனுக்குக் கை கொடுத்தார்.

1940, 1941-ம் ஆண்டுகளில் ஜேக்கப் லாரன்ஸ் 60 படங்கள் வரைந்தார். தம் பெற்றோரைப் போல் தெற்கிலிருந்து வடக்கே ரயில் ஏறிய மக்களின் கதை. அதற்கு வேண்டிய விவரங்களை நூலகத்தில் உட்கார்ந்து படித்துக் குறிப்பு எடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எளிய சொற்களில் ஒரு விளக்கம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 23. இன்று அந்த 60 படங்களில் பாதி நியூயார்க்கில் உள்ள நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மறு பாதி வாஷிங்டன் நகரில் பிலிப்ஸ் கலைக்கூடத்தில் இருக்கின்றன. பெரிய அருங்காட்சியகங்கள் ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொண்டன!

பெரிய செலவு செய்தா இந்தப் பலன் வந்தது? இல்லை. ஒரு கிளை நூலகம். ஒரு நூலகர். கொஞ்சம் சுவர்.

இந்தச் சுவர் யாருடையது?

நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவருடைய இடைவிடாத முயற்சியின் பயனாக 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். அதற்கும் முன்பே, 1931-ல், மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். இன்று தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் நாலாயிரத்துக்கு மேல். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று எத்தனையோ வகை. 2010-ல் சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது. 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுப்பது? நாம்தான். வீட்டு வரி கட்டும்போது, வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள். வாடகை வீட்டுக்காரரும் விலக்கு அல்ல. அவர் கொடுக்கும் வாடகையிலும் அது ஒளிந்திருக்கிறது. ஆகவே அந்தச் சுவரில் நம் பிள்ளையின் படம் தொங்க வேண்டும் என்று கேட்பது பிச்சை அல்ல.

கலைக்கும் நம் நாட்டில் பஞ்சம் இல்லை. சென்னைக் கலைப்பள்ளி 1850-ல் தொடங்கியது. அதன் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்களே, அதைச் செய்தவர் அவர்தான். அங்கே பின்னால் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். துணியில் பாத்திக் வேலை செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். கும்பகோணத்திலும் ஓவியப் பள்ளி உண்டு. கோபுலு அங்கே படித்தவர்தான்.

கோவில்பட்டி கொண்டையராஜுவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர். நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதினார். பிறகு காலண்டருக்குச் சாமி படங்கள் எழுதினார். முருகன், மீனாட்சி, லட்சுமி என்று அவர் எழுதிய படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. அவரைத் தெரியாதவர்கள் வீட்டிலும் அவர் படம் தொங்கியது. கலையை மக்கள் விரும்புவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குங்குமம் வைத்துக் கும்பிட்டார்களே!

குறை வேறு இடத்தில் இருக்கிறது. படம் பார்க்க வேண்டும் என்றால் சென்னை எழும்பூருக்கு வர வேண்டும், அல்லது கிரீம்ஸ் சாலைக்கு வர வேண்டும். எழும்பூரில் வசதி அருமையானது. 1896-ல் திறந்த கன்னிமரா நூலகம், பக்கத்திலேயே அருங்காட்சியகம், அங்கேயே ரவிவர்மாவின் படங்கள். படிக்கவும் பார்க்கவும் ஒரே வளாகம். ஆனால் சங்கரன்கோவில் பிள்ளையும் தர்மபுரிப் பிள்ளையும் தினமும் எழும்பூர் வர முடியுமா? படித்தவர்களுக்கே கலைக்கூடம் என்றால் கூச்சம். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று வாசலில் நின்று யோசிப்பார்கள். கிளை நூலகத்தில் அந்தக் கூச்சம் இல்லை. பத்திரிகை பார்க்க லுங்கியுடன் போகலாம்.

எழுத்தும் படமும்

இன்னொரு லாபம் உண்டு. இதைத்தான் நாம் பெரிதாக நினைக்கிறோம்.

வயது வந்த பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் நம்மிடையே பல லட்சம் பேர். கையெழுத்துப் போடுவார்கள். பஸ் போர்டு படிப்பார்கள். அதற்கு மேல் பழக்கம் இல்லாமல் மறந்து போவார்கள். நூலகத்துக்குள் வரச் சொன்னால், "எனக்கு அங்கே என்ன வேலை?" என்பார்கள். 400 பக்கப் புத்தகத்தைப் பார்த்தால் பயம்.

எதிர்வீட்டுப் பையன் வரைந்த படம் நூலகத்தில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் வருவார்கள். படத்தைப் பார்ப்பார்கள். நம் ஊர்ச் சந்தை, நம் தெரு டீக்கடை, பூக்காரப் பாட்டியின் முகம். கீழே ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் நாலு வரி. பையன் பெயர் தெரிந்த பெயர். தெரு தெரிந்த தெரு. எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்கள். தெரிந்த விஷயத்தைப் படிப்பது சுலபம் அல்லவா? ஜேக்கப் லாரன்ஸ் படத்துக்குப் படம் வாக்கியம் எழுதினாரே, அந்த முறை நம் தாய்மார்களுக்கும் பொருந்தும்.

படம் பார்க்க வந்தவர், போகும்போது அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்க்கத்தான் செய்வார். நூலகர் கெட்டிக்காரராக இருந்தால், சந்தைப் படத்துக்குப் பக்கத்திலேயே நம் ஊர் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்து வைப்பார்.

போர்டு எழுதியவர்கள்

வளரும் ஓவியர் என்றால் பள்ளிப் பிள்ளை என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ஒவ்வொரு ஊரிலும் போர்டு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். கடைப் பெயர் எழுதுவார். சுவர் விளம்பரம் எழுதுவார். பஸ்ஸின் பின்னால் மயில் எழுதுவார். மூலையில் தம் பெயரைப் போட்டு "ஆர்ட்ஸ்" என்று கையெழுத்து வைப்பார். 2000-ம் ஆண்டுக்குப் பிறகு பிளெக்ஸ் பேனர் வந்தது. கம்ப்யூட்டரில் அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். போர்டு எழுதியவர்களில் பலர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டார்கள். அந்தக் கைக்கு வேலை போயிற்று. திறமை போகவில்லை. அவர்களையும் கூப்பிட்டுச் சுவரில் இடம் கொடுங்கள். பட்டுச்சேலை பார்டருக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் எழுதுகிறவர், கோயிலுக்குச் சுதை வேலை செய்கிறவர், மண் குதிரை செய்கிறவர் எல்லோரும் வரட்டும். மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடும் அக்காவுக்கு ஒரு பெரிய தாள் கொடுத்தால் போதும். காலையில் போட்டு மாலையில் அழிகிற கோலம் ஒரு தடவையாவது இரண்டு வாரம் நிலைக்கட்டும்.

ஒன்று மட்டும் வேண்டாம். நடிகர் முகத்தைப் பார்த்துப் பென்சிலால் அப்படியே எழுதுவது. கைப் பழக்கத்துக்கு அது நல்லது. ஆனால் 12 படத்தில் 8 படம் நடிகர் முகம் என்றால், அது போஸ்டர் ஒட்டிய சுவர் மாதிரி ஆகிவிடும்.

"இடம் எங்கே?" என்பவர்களுக்கு

மறுப்புச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

"கூரை ஒழுகுகிறது, கண்காட்சி ஒரு கேடா?" என்பார்கள். ஒழுகும் கட்டடத்தில் படம் வைக்க முடியாதுதான். அங்கே முதலில் கூரையைச் சரி செய்யுங்கள். ஒழுகினால் புத்தகமும்தானே நனைகிறது? சில ஊர்களில் வசூலான நூலக வரி நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேராமல் பாக்கி நிற்பதாகச் செய்திகள் வருகின்றன. அந்தப் பாக்கியைக் கேட்பதற்கும் ஊர் மக்கள் நூலகத்துக்குள் வந்து போய்க்கொண்டிருக்க வேண்டும். யாரும் எட்டிப் பார்க்காத கட்டடத்துக்காக யார் கேட்கப் போகிறார்கள்?

"தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு" என்பார்கள். இது உண்மையான கவலை. வீட்டில் இடம் இல்லாத ஏழைப் பிள்ளைகள்தான் நூலகத்தில் வந்து படிக்கிறார்கள். அவர்கள் நாற்காலியைப் பிடுங்கிக் கலை வளர்க்க வேண்டியதில்லை. படிக்கும் அறையை விட்டுவிடுங்கள். பத்திரிகை அறை, வராந்தா, மாடிப்படிச் சுவர் போதும். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் மட்டும் கூட்டமாக வரலாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"திறப்பு விழாச் செலவு?" என்று கேட்பார்கள். திறப்பு விழாவே வேண்டாம் என்போம் நாம்! பந்தல், மைக், பொன்னாடை, ஆளுயர மாலை எல்லாம் வந்தால், படம் பின்னால் மறைந்துவிடும். ஒரு பொன்னாடையின் விலைக்கு நாலு படத்துக்குச் சட்டம் போடலாம். வரைந்த பிள்ளையின் பாட்டியை அழைத்து வந்து, முதல் படத்தை மூடிய துணியை எடுக்கச் சொல்லுங்கள். போதும்.

எப்படிச் செய்வது?

நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கும். இல்லாவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து தொடங்கலாம். வட்டத்தின் பெயரில் ஒரு மனு எழுதி நூலகரிடம் கொடுங்கள். அவர் மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பி அனுமதி கேட்பார். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்தச் சமயத்தில் நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று நூலகருக்கே அக்கறை இருக்கும். மனுவை ஆடி, ஆவணியிலேயே கொடுத்துவிடுவது நல்லது. நவம்பர் மழைக்காலம் என்பதால், ஈரம் ஏறும் சுவர் உள்ள ஊரில் தை மாதத்துக்கு ஒத்தி வைக்கலாம்.

யார் படம் தேர்ந்தெடுப்பது? இதில்தான் சண்டை வரும். நூலகர், ஓர் ஓவிய ஆசிரியர், ஒரு வாசகி, ஊரில் போர்டு எழுதியவர் ஒருவர். இந்த நாலு பேர் போதும். படத்தின் பின்புறம்தான் பெயர் இருக்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் தேர்ந்தெடுக்கட்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். பரிசு வைத்தால் ஒருவருக்குச் சந்தோஷம், பதினொரு பேருக்கு வருத்தம்.

விலை எழுதலாமா? அரசாங்கக் கட்டடத்தில் வியாபாரம் கூடாது என்று தடை வந்தால், விலை எழுத வேண்டாம். ஒரு நோட்டு வையுங்கள். படம் வேண்டும் என்பவர் அதில் பெயரை எழுதிவிட்டுப் போகட்டும். வரைந்தவர் வீட்டுக்கே போய் வாங்கிக்கொள்ளட்டும். கருத்தும் அதே நோட்டில் எழுதலாம். புதிதாக எழுதப் படித்தவர்கள் அந்த நோட்டில் ஒரு வரி எழுதினால், பிழை இருந்தாலும் யாரும் திருத்த வேண்டாம்.

சுவரில் ஆணி அடிக்காதீர்கள். பல நூலகங்கள் வாடகைக் கட்டடத்தில் இருக்கின்றன. அடித்தால் வீட்டுக்காரர் அடுத்த தடவை அனுமதிக்க மாட்டார். இரண்டு ஓரத்திலும் இருக்கும் கொக்கியிலோ ஜன்னல் கம்பியிலோ ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் படத்தை மாட்டலாம். கண்ணாடிச் சட்டம் இல்லாவிட்டால் கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் சுற்றினால் போதும். நேர் வெயில் விழும் இடத்தில் வாட்டர் கலர் படம் வைக்கக் கூடாது. வெளுத்துவிடும். 12 படம், இரண்டு வாரம். பிறகு படத்தை வரைந்தவரிடமே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டும் உயரத்தையும் கவனியுங்கள். பெரியவர்கள் மாட்டினால் தங்கள் தலைக்கு மேலே மாட்டுவார்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப் போய்விடுவார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சுவரோரம் நிற்க வைத்து, அவன் கண்ணுக்கு நேராகப் படத்தின் நடுப்பாகம் வரும்படி மாட்டுங்கள். கீழே அட்டையை, நின்றபடியே குனியாமல் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதை எழுதுவதற்கு, முன்பு போர்டு எழுதிய அந்த அண்ணனையே கூப்பிடலாம்.